மூணு மாசம் முடியட்டும்

தொட்டி நிறைகிற வழியாகக் காணோம். குழாயை முழுசாகத் திருகிவிட்டுத்தான் இருந்தாள். சத்தத்தைக் கேட்டால் ஊரே முழுகிப் போகிற மாதிரி இருந்தது, எட்டிப் பார்த்தால் தண்ணீர் கணுக்கால் அளவுக்குக்கூட ஏறவில்லை. அடியில் இருந்த அடைப்பான் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, வருவதில் பாதி அப்படியே போய்க்கொண்டிருந்தது. எழுந்து போய் அழுத்திவிடலாம். எழ வேண்டுமே. சுகந்தி கழிப்பறை மூடியின்மேல் உட்கார்ந்து, ஆடினால் எதுவோ சிந்திவிடும் என்பதுபோல இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் ஓட்டலில் வேலை செய்கிற பெண் கதவு கதவாகத் தட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: புயல் ராத்திரி கரையேறி நேராக ஆர்லாண்டோ பக்கம் வருகிறது, தீம் பார்க் இன்றைக்கும் நாளைக்கும் மூடல், கரண்ட் போகலாம், தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், திரையை இழுத்து விடுங்கள், இருட்டுகிறதற்குள் யாரும் வெளியே போகாமல் உள்ளே வந்துவிடுங்கள். சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். இந்த ஊரில் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். புயலுக்கு ஏதோ ஆம்பளைப் பெயர் வைத்திருந்தார்கள், கணக்குப்பிள்ளை மாதிரி ஒரு பெயர், அதைக் கேட்டு பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லை. பயம் வேறு இடத்தில் இருந்தது. சாம்பார் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விழுந்த மாதிரி, பழுப்பாக, பாவாடையில். காலையில் பார்த்தது. அப்புறம் பல் விளக்கப் போகிற மாதிரி வந்து ஒரு தடவை பார்த்தாள், துணி காயப்போடுகிற மாதிரி வந்து ஒரு தடவை பார்த்தாள். இப்போது தொட்டி நிறைக்கிற வேலை கிடைத்தது நல்லதாகப் போயிற்று, கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வெளியே அறையில் அண்ணி வசந்தாமணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். பூபதியின் அக்கா. கோபிசெட்டிபாளையத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டைப் பார்க்க சார்லட்டுக்கு வந்தவளை, இவ்வளவு தூரம் வந்துவிட்டு டிஸ்னிமாதிரி ஒன்றைப் பார்க்காமல் போனால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று பூபதிதான் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். பின்சீட்டில் குக்கர், புளிக்காய்ச்சல், ஊறுகாய், ஒரு சின்ன மின்அடுப்பு. அப்போது டிவியில் புயல் எங்கேயோ கடலில் ஒரு வெள்ளைச் சுழி. அது நமக்கு வராது என்று பூபதி சொன்னான், அவன் வராது என்றால் எதுவும் அப்படித்தான், வரும்.

அவளுக்கு ஏழாவது வாரம். அது பூபதிக்குத் தெரியாது. கட்டின புருஷனுக்குத் தெரியாமல் ஒருத்தி எப்படி இருக்க முடியும் என்று யாராவது கேட்டால் சுகந்தியிடம் பதில் தயாராக இருந்தது, ஆனால் கேட்பதற்கு ஆள் வேண்டுமே, அதற்கு முதலில் யாரிடமாவது சொல்ல வேண்டுமே. மூணு மாசம் முடிகிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது என்பது ஊர் வழக்கம், அவள் கண்டுபிடித்தது இல்லை. அந்த வழக்கத்தில் புருஷன் சேர்த்தி இல்லைதான். புருஷன், அம்மா, அவ்வளவு பேருக்குச் சொல்லலாம். ஆனால் பூபதியிடம் சொன்னால் பூபதியிடம் சொன்னதாக ஆகாது, ஈரோடு மாவட்டத்துக்குச் சொன்னதாக ஆகும். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, சந்தோஷம் அவனுக்கு வயிற்றில் தங்காது, அவ்வளவுதான். முதல் தடவை சொன்னபோது கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், அழுத கையோடு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டான். அத்தை அன்றைக்கே, கரு தங்கட்டும் என்று திருக்கருகாவூர் நெய்க்குச் சொல்லிவிட்டாள். வளையல்காரருக்குச் சொல்லிவிட்டாள். ஒன்பதாவது வாரத்தில் எல்லாம் கழிந்துபோனபோது, அதே வரிசையில் அதே ஆட்கள் கூப்பிட்டார்கள். பெரியம்மா, சின்னத்தை, பூபதியோடு படித்தவனின் மனைவி, டொரண்டோவிலிருந்து முன்னே பின்னே பார்த்திராத ஒருத்தி. எல்லாரும் ஆறுதலாகத்தான் பேசினார்கள், கடைசியில் மட்டும் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டார்கள். பப்பாளி கிப்பாளி சாப்பிட்டயா கண்ணு? அன்னாசி ஏதாவது? இல்லீங்க என்று சொன்னாள். சொல்லிவிட்டு யோசித்தாள், ஆபீஸில் ஒரு நாள் வெட்டி வைத்த பழக் கிண்ணத்தில் மஞ்சளாக இரண்டு துண்டு கிடந்ததே, அது அன்னாசியா மாம்பழமா. இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. இரண்டாவது தடவை ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. ஸ்கேன் எடுக்கிற பெண் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான். மறுபடியும் அதே வரிசை. அந்தப் போன்களையெல்லாம் எடுத்துப் பேசி, ஆமாங்க, சரிங்க, பார்த்துக்கறேனுங்க என்று சொல்லி வைத்தபின், குழந்தை போனதைவிட அதற்குப் பதில் சொல்வதுதான் அவளை நொறுக்கியது. இப்படிச் சொல்வது பாவம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அதுதான் உண்மை. இந்தத் தடவை மூணு மாசம் முடியட்டும். எவனுக்கும் சொல்வதாக இல்லை. தங்கினால் சொல்வோம், தங்காவிட்டால் நானே தனியாக அழுதுவிட்டு எழுந்து வேலைக்குப் போவேன், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

அடைப்பானை அழுத்த வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பையை அதன்மேல் விரித்து, அதன்மேல் டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் நிற்கும். எழுந்தாள். மெதுவாக எழுந்தாள், எழும்போது அடிவயிற்றில் கைவைத்துக்கொண்டு எழுந்தாள், பிறகு அந்தக் கையைப் பார்த்து எரிச்சலாக வந்தது. இப்போது என்னத்துக்கு இவ்வளவு பத்திரம்? முந்தாநாள் எங்கே போயிற்று இந்தப் பத்திரம்? முந்தாநாள் பார்க்கில், வெயில் மண்டையைப் பிளந்தது, புயல் வருவதற்கு முன்னால் அப்படித்தான் காயுமாம், வசந்தாமணி போய் வரிசையில் நின்று எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள். பாஷை தெரியாது, விரலைக் காட்டி வாங்கினாள், அதில் அவளுக்கு ஒரு பெருமை. மஞ்சளாக, சுருள் சுருளாக, மேலே ஒரு துண்டுப் பழம். அன்னாசி. அந்தப் பார்க்கில் அதுதான் பேர்போனது, ஆளாளுக்கு அதைத்தான் நக்கிக்கொண்டு போகிறார்கள். சுகந்தி கையில் வாங்கிக்கொண்டு நின்றாள். அன்னாசியில் ஒன்றும் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், படித்திருக்கிறாள், டாக்டரும் சொல்லியிருக்கிறாள். வேண்டாம் என்று தோன்றியது நம்பிக்கையால் அல்ல. யாராவது மறுபடியும் குரலைத் தாழ்த்திக் கேட்டால், இல்லீங்க என்று சந்தேகமில்லாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பல்லு கூசுதுங்க அண்ணி என்று சொல்லி, அண்ணி மகள் இலக்கியாவிடம் கொடுத்துவிட்டாள். பதினோரு வயசுப் பிள்ளை, இரண்டு கையிலும் இரண்டை வைத்துக்கொண்டு சொர்க்கத்தில் நின்றாள். வசந்தாமணி தன் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே நின்றாள். ஆனால் பார்த்தாள். பெற்று வளர்த்தவள், எந்தப் பழத்தை எந்தப் பெண் எப்போது வேண்டாம் என்பாள் என்று அவளுக்கா தெரியாது? சுகந்திக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. அப்புறம் அந்த ரோலர் கோஸ்டர். வாசலில் பெரிய பலகை, முதுகுவலிக்காரர்கள் ஏறக்கூடாது, நெஞ்சுவலிக்காரர்கள் ஏறக்கூடாது, வயிறு தள்ளிய ஒரு பொம்மை, அதன்மேல் சிவப்புக் கோடு. இலக்கியா ஒவ்வொன்றாகச் சத்தம்போட்டுப் படித்தாள், "அத்தை, கர்ப்பமா இருக்கிறவங்களும் ஏறக்கூடாதாம்." வசந்தாமணி பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் ஏறலப்பா, எனக்குத் தல சுத்தும். ஏஞ் சுகந்தி, நீ ஏறலியா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "ஏறாம? இதுக்குத்தான வந்தது" என்று சிரித்துக்கொண்டே சுகந்தி போய் உட்கார்ந்தாள், பூபதி பக்கத்தில். இரும்புக் கம்பி இறங்கி மடியில் அழுத்தியது. அன்னாசி காட்டிக்கொடுத்ததை அழிக்க வேண்டியிருந்தது, அழித்துவிட்டாள். மேலே போய்த் தலைகீழாகத் தொங்கிய அந்த நொடியில் பூபதி சந்தோஷத்தில் ஊளையிட்டான், அவள் இரண்டு கையாலும் கம்பியை வயிற்றிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரோலர் கோஸ்டரில் ஏறினயா கண்ணு என்று ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாது. அதை அவளேதான் கேட்டுக்கொள்ள வேண்டும், முந்தாநாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

டம்ளர் வைத்தபிறகு தண்ணீர் கொஞ்சம் ஏறியது. வெளியே கதவு திறந்தது, பூபதியின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. மூன்றாவது கடையில்தான் தண்ணீர் கிடைத்ததாம், ரொட்டி சுத்தமாக இல்லையாம், வெள்ளைக்காரன் எல்லாவற்றுக்கும் முன்னால் ரொட்டியைத்தான் தூக்குகிறானாம், நல்லவேளை நமக்கு அது வேண்டாம். பெட்ரோல் முழுசாகப் போட்டுவிட்டானாம். "அக்கா, கட்டுச்சோறு ரெடியா? கரண்ட்டு போனா நாளைக்குப் பூரா அதுதான்." "குக்கர் வெச்சாச்சு. நீ அந்தத் தண்ணிப் பொட்டியக் காலடில வெக்காத, புள்ள தடுக்கி உழுகும்." ஜன்னலுக்கு வெளியே காற்று அப்போதே விட்டு விட்டு அடித்தது. அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. பிடிவாதக் குழந்தை அழுகிற மாதிரி. இந்த நினைப்பு ஏன் வருகிறது? எல்லாம் அங்கேதான் போய் நிற்கிறது. தண்ணீரைப் பார்த்தால் அது, காற்றைக் கேட்டால் அது. ரத்தம் வந்தால் என்ன? நூறு பேருக்கு வருகிறது, பலருக்கு ஒன்றும் ஆவதில்லை, இதையும் படித்திருக்கிறாள். பழுப்பாக இருந்தால் பழையது, சிவப்பாக இருந்தால்தான். காலையில் பழுப்பு. இப்போது? பார்க்கவில்லை. பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஏழாவது வாரத்தில் அவர்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை, படுத்துக்கொள் என்பார்கள், அதை இங்கேயே செய்யலாம். ஆனால் அவளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம், பிள்ளையின் ரத்தம் அதோடு ஒத்துப்போகாமல் போகலாம். சொட்டு ரத்தம் கண்டாலும் வந்து ஊசி போட்டுக்கொள், நாள் தள்ளாதே, இது போனாலும் இருந்தாலும் அடுத்ததுக்கு ஆபத்து என்று முதல் தடவையே டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாள். அடுத்தது. அந்த வார்த்தையை அன்றைக்கு எவ்வளவு லேசாகச் சொன்னாள் அந்தம்மா. ஊசி நாளை மறுநாள் போட்டால் போதாதா? நாளை மறுநாள் ரோடு இருக்குமா? மரம் கிடக்குமா, தண்ணீர் கிடக்குமா? ஊரில் கடலூர்ப் பக்கம் புயல் அடித்தால் வாரக்கணக்கில் ஒன்றும் நகராது, இங்கே நகருமோ என்னவோ. பூபதி போனில் பேசிக்கொண்டிருந்தான். அம்மாவிடம். "ஒண்ணும் பயமில்லீம்மா. ஓட்டலு கான்கிரீட்டுக் கட்டடம். காத்து ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா ஆம்புலன்சே வராதாம்மா, நெருப்பு வண்டியும் வராதாம், சொல்லிட்டாங்க. அவ்வளவு காத்து!" ஏதோ இவன் ஏற்பாடு செய்த காற்று மாதிரி பெருமை குரலில். "சுகந்தியா? பாத்ரூம்ல தண்ணி புடிக்கறா. நல்லா இருக்கா. அவளுக்கென்ன." சுகந்தி பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு. நிறைய இல்லை, ஒரு குங்குமப் பொட்டு அளவுதான். ஆனால் சிவப்பு.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் பூபதிமேல், அவளுக்கென்ன என்று சொன்னானே, அந்த வார்த்தைமேல். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் ரோடு மூடிவிடும், மூடிவிட்டால் முடிவெடுக்கிற வேலை மிச்சம், ராத்திரி முழுக்கக் காற்றைக் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருக்கலாம், விடிந்தால் எது இருக்கிறதோ அது. அதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை அவள் ஒரு நிமிஷம் நன்றாகப் பார்த்தாள், அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. சொல்லாமல் இருந்தால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? இரண்டு தடவை சொல்லித்தான் போயிற்றா? சொன்னதால் போகவில்லை, சொல்லாததால் தங்கப் போவதும் இல்லை, இதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இது அவளுக்கு இன்றைக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம் இல்லை. குழாயை நிறுத்தினாள். சத்தம் நின்றதும் வெளியே பேச்சும் நின்றது, எல்லாரும் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது உள்ளேயிருந்தே தெரிந்தது. திறந்தாள். பூபதி போனை வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பெட்டிமேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். "கழட்டாதீங்க" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போவோணும். இப்பவே." அவன் நிமிர்ந்தான். "எனக்கு ஏழு வாரம். ரத்தம் படுது. ஊசி போடோணும்." அவ்வளவுதான், இத்தனை நாள் சுமந்தது மூன்று வாக்கியத்துக்குத்தான் வந்தது. இலக்கியா வாயைத் திறக்கப் போனாள், வசந்தாமணி அவள் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டாள். பூபதிக்கு முகம் வெளுத்துப் போயிற்று. "ஏம்புள்ள, எங்கிட்டக்கூடவா?" என்றான். "உங்ககிட்டத்தானுங்க சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்." அதைச் சொன்னபோது அவளுக்கு அவன்மேல் பாவமாக இருந்தது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை. "முந்தாநாளு... அதுல ஏறுனியே" என்றான். "ஏறுனேன்." வசந்தாமணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "அன்னாசி வேண்டாம்னியே, அப்பவே நெனச்சேன் சாமி. அப்பறம் நீ அதுல ஏறிப் போயி உக்காந்தியா, சரி, அதெல்லாம் இல்லையாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன். நாங் கேட்டுருக்கோணும். வாயத் தொறந்து கேட்டுருக்கோணும்." அவள் கண் கலங்கிவிட்டது. ஆக, வேலை செய்திருக்கிறது. அவ்வளவு கச்சிதமாக அழித்திருக்கிறாள் சுகந்தி, இவர்களை எல்லாம் ஏமாற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வந்தது அழுகை. "அழுவாத. நீ போ. புள்ளைய நான் பாத்துக்கறேன், ஒரு புயலு என்ன பண்ணிரும்" என்று வசந்தாமணி தன் சால்வையை எடுத்து அவள்மேல் போர்த்தினாள். பூபதி சாவியை எடுத்தான், பர்ஸை எடுத்தான், சாவி கையிலேயே இருக்க மறுபடி சாவியைத் தேடினான்.

வண்டி நிறுத்துகிற இடத்தில் மழை படுக்கையாக அடித்தது. பனைமாதிரி நிற்கிற மரங்களெல்லாம் ஒரே பக்கமாகத் தலையை விரித்துப் போட்டிருந்தன. பூபதி காரைக் கதவோரமாகக் கொண்டு வந்து நிறுத்தி, இறங்கி வந்து கதவைத் திறந்து, அவள் உட்காருகிற வரைக்கும் நனைந்துகொண்டு நின்றான். ஏறி வண்டியை எடுத்தான். அவன் ஒரு கையை எடுத்து அவள் கைமேல் வைத்தான், பிறகு பயந்துபோய் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சொல்லியாயிற்று, ஆனால் வயிற்றில் எதுவும் மாறவில்லை. இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது, இன்னும் ஒரு மணி நேரத்தில் ஒரு பெண் திரையை இந்தப் பக்கம் திருப்புவாள் அல்லது அந்தப் பக்கம் திருப்புவாள். ஓட்டல் வாசலில் தடுப்புக் கட்டையை இறக்கிவிட்டிருந்தார்கள். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு ஆள் கையைக் காட்டிக்கொண்டு வந்தான். பெரிய ஆள், கறுப்பன், தாடியில் தண்ணீர் சொட்டியது. பூபதி கண்ணாடியை இறக்கினான், மழை உள்ளே வந்தது. எங்கே போகிறீர்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் ரோட்டை மூடிவிடுவார்கள், உள்ளே போய் இருங்கள் என்றான் அவன். ஆஸ்பத்திரி என்றான் பூபதி. யாருக்கு என்ன என்று குனிந்து கேட்டான். வழக்கமாக ஆறு வரியில் ஆரம்பிக்கிற பூபதி வாயைத் திறந்து, மூடி, திரும்பி அவளைப் பார்த்தான். அவன் சொல்லலாமா என்று கேட்கிறான் என்பது அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. அவள் அவனைத் தாண்டிக் குனிந்து, மழைச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று உரக்க, ஆங்கிலத்தில், நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்றாள். அந்த ஆளின் முகம் விரிந்தது. அவனுக்கு வேறு எதுவும் தெரியாது, இரண்டு தடவை போனது தெரியாது, பொட்டளவு சிவப்புத் தெரியாது, எத்தனை மாசம் என்றுகூட அவன் கேட்கவில்லை. "கங்க்ராஜுலேஷன்ஸ், மேம்!" என்று காற்றில் கத்தினான். கத்திவிட்டு ஓடிப்போய்க் கட்டையைத் தூக்கிப் பிடித்தான். அந்த வார்த்தையை இந்தக் குழந்தைக்காக இதுவரை யாரும் சொல்லவில்லை, சொல்ல அவள் யாரையும் விட்டிருக்கவில்லை. இன்னும் எதுவும் தெரியாது, அவசரப்படாதீர்கள் என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். "தேங்க் யூ" என்றாள் சுகந்தி.